தோடி காந்தாரமும் 311 ஹெர்ட்ஸும்

[எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். ஒலித்துண்டு வரும் இடங்கள் அடைப்புக்குறிக்குள்.]

ரெண்டு ஒலித்துண்டு போடுறேன். சேர்த்தே 20 வினாடிதான், கேட்டுட்டு வாங்க.

[ஒலித்துண்டு: ஸ ரி க ம ப த நி ஸ, அசைவே இல்லாமல். பிறகு அதே சுரங்கள், அசைவோடு.]

முதல்ல கேட்டது தோடி ராகத்தோட சுரங்கள். ஒவ்வொண்ணும் அரை வினாடி. கணக்குப்படி எல்லாமே சரி, ஆனா கேட்கும்போது ஏதோ கீபோர்டு ஆப்பைக் குழந்தை தட்டுற மாதிரி இருக்கு. ரெண்டாவதுலயும் அதே சுரங்கள், அதே ஒலி, அதே லேப்டாப். ஆனா அதுல தோடியோட வாசனை வருது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது சுமார் 40 வரி நிரல். அதை எழுத எனக்கு 8 மாசம் ஆச்சு. இன்னிக்கு முழுக்க அந்த 40 வரியைப் பத்தித்தான் பேசப்போறேன்.

'எனக்கு சங்கீதம் தெரியாதே'ன்னு போயிடாதீங்க. நானும் முறையா படிச்சவன் இல்ல. இன்ஜினியரிங் முடிச்சு, பகல்ல ஒரு பேமென்ட் சிஸ்டத்துக்கு பேக்எண்ட் எழுதுறவன். கொரோனா சமயத்துல கோவில்பட்டிக்குத் திரும்பினேன், அப்படியே இங்கேயே தங்கியாச்சு. ராத்திரி 10 மணிக்கு மேலதான் இந்த வேலை.

முதல்ல மென்பொருள். இதைச் சீக்கிரம் சொல்லி முடிச்சுடறேன். எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன் மாதிரி மென்பொருள்ல ஒலிகள் தயாரா இருக்கும், நீங்க எடுத்து அடுக்கணும். ஆடியோ புரோகிராமிங் மென்பொருள்ல எதுவுமே தயாரா இருக்காது. வெள்ளைப் பக்கம்தான். ஒலி எப்படி அதிரணும், எப்ப ஏறணும், எப்ப அடங்கணும் எல்லாத்தையும் நீங்களே எழுதணும். 1957ல பெல் லேப்ஸ்ல மேக்ஸ் மேத்யூஸ் எழுதின 'மியூசிக்' நிரல்தான் இந்தக் குடும்பத்துக்குத் தாத்தா. அதுக்குப் பிறகு சிசவுண்ட், மேக்ஸ், பியூர் டேட்டான்னு வரிசையா வந்தது. நான் பிடிச்சது சூப்பர்கொலைடர். ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996ல வெளியிட்டது, 2002லேர்ந்து கட்டற்ற மென்பொருள். காசு கிடையாது. என்னோட பழைய லேப்டாப்லயே நல்லா ஓடுது. ஒரு வரி எழுதி கன்ட்ரோல்-என்டர் அடிச்சா ஒலி வரும். கன்ட்ரோலோட முற்றுப்புள்ளியைத் தட்டினா நிக்கும். இந்த ரெண்டாவதை முதல் நாளே கையில பழக்கிடுங்க. ஹெட்ஃபோனைக் காதுல மாட்டுறதுக்கு முன்னாடி ஒலி அளவைக் குறைச்சும் வச்சுடுங்க. நிரல்ல ஒரு பூஜ்யம் கூடிப்போச்சுன்னா வர்ற சத்தம் காதைக் கிழிச்சுடும்.

சரி, விஷயத்துக்கு வாரேன்.

எங்க ஊர்ப்பக்கத்தைக் கரிசக்காடு, வறண்ட பூமி, தீப்பெட்டி, கடலைமிட்டாய்னு மட்டும்தான் வெளியூர்க்காரங்களுக்குத் தெரியும். ஆனா இது சங்கீதம் ஊறின மண். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்தது கோவில்பட்டியில. 1962ல வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துல எஸ். ஜானகி குரலோட போட்டி போட்டு வர்ற நாயனம் அவருடையது. இடைசெவல் கி. ராஜநாராயணன் விளாத்திகுளம் சுவாமிகள்கிட்ட பாட்டு கத்துக்கிட்டவர். அங்கேர்ந்து எட்டயபுரம். நாங்க பள்ளிக்கூடத்துல பாரதி பிறந்த ஊர்னு பஸ் வச்சுப் பார்க்கப் போவோம். அதே ஊர்ல முத்துசாமி தீட்சிதரோட சமாதியும் இருக்கு. அவர் 1835ல அங்கதான் காலமானார். எங்க வீட்லேர்ந்து 15 கிலோமீட்டர் சொச்சம்.

இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு, சூப்பர்கொலைடர் கத்துக்கிறவன் டெக்னோ பீட்டா போட்டுட்டு இருப்பான்? ஒரு மாசம் அதையும் போட்டேன், அது வேற. ரெண்டாவது மாசம் ஆசை தோடிக்குப் போச்சு. டி.என். ராஜரத்தினம் பிள்ளை தோடின்னா ஊரே சொக்கும்னு கேட்டே வளர்ந்த ஊர்ல வேற எங்க போகும்?

இப்ப எண்ணைப் பாருங்க. கணினி சங்கீதத்துல ஒரு ஸ்தாயியை 12 சமப் பங்கா வெட்டி வச்சிருக்கு. மிடின்னு ஒரு ஏற்பாடு, அதுல 60ங்கிற எண் அடிச்சா ஒரு கட்டை ஷட்ஜம், அதாவது 261.6 ஹெர்ட்ஸ். தோடி வேணும்னா 60, 61, 63, 65, 67, 68, 70. காந்தாரம் 63, அது 311 ஹெர்ட்ஸ். இதைத்தான் முதல் ஒலித்துண்டுல கேட்டீங்க.

இதுல தோடி எங்கேயும் இல்ல. ஏன்னா பாடகர்களோ நாயனக்காரங்களோ தோடி காந்தாரத்தைப் பெரும்பாலான பிடிகள்ல 311ல நிறுத்துறதே கிடையாது. ரிஷபத்துப் பக்கத்துல கிளம்பி மேலே போய், மத்யமத்தைத் தொடுற மாதிரி தொட்டு, திரும்பி வர்றாங்க. 311ங்கிற இடம் வழியில வர்ற ஊர் மாதிரி. பஸ் அது வழியாத்தான் போகும், ஆனா ஸ்டாப்பிங் கிடையாது. அப்படியும் அதைக் கேட்கிற நமக்கு 'காந்தாரம்'னு ஒரு சுரம்தான் காதுல விழுது.

'சரி, ஆட்டணும், அவ்வளவுதானே'ன்னு எந்த புரோகிராமருக்கும் தோணும். ஒரு சைன் அலையை எடுத்து, வினாடிக்கு 5 தடவை சுரத்தை மேலேயும் கீழேயும் ஆட்டலாம். ஒரே வரி. கேளுங்க.

[ஒலித்துண்டு: காந்தாரம், சீரான நடுக்கத்தோடு.]

பழைய சினிமால சோகக் காட்சிக்கு வர்ற வயலின் மாதிரி இல்ல? இது வைப்ரேட்டோ. சுரத்தை நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு ஆட்டுறது. கமகம் வேற. அது எங்க கிளம்புது, எங்க தங்குது, எவ்வளவு வேகமா கடக்குது, திரும்பும்போது அதே வழியில திரும்புதாங்கிறது எல்லாமே சுரத்துக்குச் சுரம், ராகத்துக்கு ராகம் மாறும். அடாணாவுல வர்ற காந்தாரத்தோட அசைவைத் தோடியில போட்டா ராகம் காணாமப் போயிடும்.

இங்கதான் எட்டயபுரம் வருது.

சுப்பராம தீட்சிதர், 1839லேர்ந்து 1906 வரை வாழ்ந்தவர், எட்டயபுரம் சமஸ்தான வித்வான். முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதருக்கு மகள் வழிப் பேரன், பிறகு அவருக்கே சுவீகாரப் பிள்ளை. இவர் எழுதின 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904ல எட்டயபுரத்துலயே, வித்யா விலாசினி அச்சுக்கூடத்துல அச்சாச்சு. தெலுங்கு லிபி. 72 மேளங்களோட வரிசையில ராகங்களை வச்சு, முத்துசாமி தீட்சிதரோட கீர்த்தனைகள் 200க்கு மேல சுரக்குறிப்போட கொடுத்திருக்கார். இந்தப் புத்தகம் வரணும்னு விடாம வற்புறுத்தினவர் சின்னசாமி முதலியார்ங்கிற சென்னைக்காரர். அவர் அதுக்கு முன்னாடியே, 1893ல, நம்ம பாட்டை ஐரோப்பிய முறையில கோடு போட்டு எழுதி அச்சடிக்க ஆரம்பிச்சவர். செலவுக்கு எட்டயபுரம் ஜமீன் கைகொடுத்தது. தீட்சிதர் மறைஞ்சப்ப பாரதி இரங்கல் பா எழுதினார்.

இதெல்லாம் வரலாறு. எனக்குத் தூக்கம் போனது அந்தப் புத்தகத்தோட குறியீட்டைப் பார்த்துத்தான். சென்னை மியூசிக் அகாடமி இதைத் தமிழ்ல பல தொகுதிகளா கொண்டுவந்திருக்கு. ஒரு நண்பர்கிட்ட இரவல் வாங்கினேன். சுரத்துக்கு மேல சின்னச் சின்னக் கிறுக்கல். அலைக்கோடு இருந்தா கம்பிதம். மேல்நோக்கிச் சாய்கோடு ஏற்ற ஜாரு, கீழ்நோக்கிச் சாய்கோடு இறக்க ஜாரு. பெருக்கல் குறி ஒதுக்கல். மூணு புள்ளி முக்கோணமா வச்சா ஸ்புரிதம், அதையே தலைகீழா வச்சா பிரத்யாகதம். நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒரிகை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறி. எல்லாமே எழுத்துக்கு மேல உக்கார்ற குறிகள், அச்சுக்கோக்கிறவர் ஈயத்துல வார்த்து அடுக்கக்கூடியது. ஒரு புரோகிராமர் கண்ணுக்கு இது சின்டாக்ஸ். நம்ம பக்கத்துல 120 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் உக்காந்து, ஒலியோட அசைவை எழுத்துல ஏத்த ஒரு மொழியை அச்சுல கொண்டுவந்திருக்கார்.

அதை விட முக்கியம், அந்தக் குறிகளுக்கு அவர் கொடுக்கிற விளக்கம். சுருதி இவ்வளவு ஏறணும், இவ்வளவு இறங்கணும்னு சொல்லலை. வீணையில விரல் என்ன செய்யணும்னு சொல்றார். கம்பிதம்னா மெட்டுல விரலை வச்சு தந்தியை அசைக்கணும். ஒதுக்கல்னா அதே மெட்டுல இருந்தபடியே தந்தியை இழுத்து மேல் சுரத்தை வரவைக்கணும். ஜாருன்னா விரல் வழுக்கணும். ஒரிகைன்னா ஒரு சுரம் முடியுற இடத்துல கண நேரம் வேற ஒண்ணைத் தொட்டுட்டு இறங்கணும். வாசிக்கிறவனுக்கான கட்டளை அது. ஒலி தானா பின்னாடி வரும்.

இது எனக்கு எப்படி உதவுச்சுன்னா: வீணைத் தந்தியை மெட்டு மேல வச்சு இழுத்தா இறுக்கம் கூடும், சுருதி ஏறும். விட்டா மெட்டோட சுருதிக்குத் திரும்பும். மெட்டுக்குக் கீழே போகவே முடியாது. அப்போ ஒதுக்கலுக்கு ஒரு தரை உண்டு, அந்தத் தரையிலேர்ந்து ஒரு இழுப்பு உண்டு. ரெண்டும் தனித்தனி. நிரல்ல 'சுருதி'ன்னு ஒரே மாறி வச்சிருந்த இடத்துல ரெண்டு மாறி வச்சேன், 'மெட்டு', 'இழுப்பு'. தோடி காந்தாரத்துக்கு மெட்டு 61, ரிஷபம். இழுப்பு பூஜ்யத்துலேர்ந்து கிட்டத்தட்ட 4 வரைக்கும் போய்த் திரும்பும். 63ங்கிற எண் நிரல்ல எந்த இடத்துலயும் கிடையாது! ஆனா காதுல காந்தாரம் விழுது.

[ஒலித்துண்டு: மெட்டு மட்டும். இழுப்பு மட்டும். இரண்டும் சேர்ந்து.]

இழுப்பை எழுத சூப்பர்கொலைடர்ல 'என்வலப்'னு ஒண்ணு இருக்கு. அதுக்கு மூணு பட்டியல் கொடுக்கணும்: எங்கெங்க போகணும், ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு நேரம், போற பாதை எப்படி வளையணும். மூணாவது பட்டியல்லதான் உயிர் இருக்கு. நேர்கோடு போட்டா சைரன். சைன் வளைவு போட்டா கிளம்பும்போது மெதுவா, நடுவுல வேகமா, சேரும்போது மறுபடி மெதுவா. விரல் அப்படித்தான் போகும். உச்சியிலயும் அடியிலயும் ஒரு இம்மி தங்க விட்டு, போற நேரத்தையும் வர்ற நேரத்தையும் வேற வேற ஆக்கினதும் முதல் தடவையா மயிர்க்கூச்செறிஞ்சது. ராத்திரி ஒண்ணரை மணி. அம்மா எழுந்து வந்து 'யாருப்பா பாடுறது'ன்னு கேட்டாங்க. பாடுறதுன்னு சொன்னாங்க பாருங்க, அது போதும் எனக்கு.

இந்த வழியில நான் முதல் ஆள் இல்ல. எம். சுப்பிரமணியன், சுரக்குறிப்பை அடிச்சா கமகத்தோட வாசிக்கிற 'காயகா'ங்கிற மென்பொருளை எழுதினவர். தோடியோட சுரங்களையும் கமகங்களையும் கணினியில அளந்து 2007ல சங்கீத நாடக அகாடமியோட இதழ்ல கட்டுரையும் எழுதியிருக்கார். ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல 2013ல முடிச்ச முனைவர் ஆய்வு இதே விஷயம்தான். மெதுவா நகர்ற ஒரு அடித்தளம், அது மேல வேகமா ஆடுற ஒரு அசைவுன்னு கமகத்தை ரெண்டா பிரிக்கிறார். முதலாவதுக்கு மேடைன்னும் ரெண்டாவதுக்கு நடனம்னும் அர்த்தம் வர்ற பேர் வச்சிருக்கார். அதைப் படிச்சப்ப நம்ம மெட்டும் இழுப்பும் தனியா இல்லைன்னு ஒரு தெம்பு.

இனி அண்ணாச்சி கதை. ஊர்ல நாயனம் வாசிக்கிற ஒருத்தர், 30 வருஷத்துக்கு மேல வாசிக்கிறார். பேரைப் போட வேண்டாம்னுட்டார். அவர் வாசிச்சுக்கிட்டு இருந்த ஒரு கோயில்ல இப்ப சாயரட்சைக்கு மோட்டார் மேளம். நீங்களும் பார்த்திருப்பீங்க, சுவிட்சைப் போட்டா முரசும் மணியும் தானா அடிச்சுக்கிற பெட்டி. கல்யாணத்துக்கு மட்டும் கூப்பிடுறாங்க, அதுலயும் தாலி கட்டுற நேரத்துக்குத்தான். லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஹெட்ஃபோன் மாட்ட மாட்டேன்னுட்டார், ஸ்பீக்கர்லதான் போட்டேன்.

கண்ணை மூடிக் கேட்டார். "சுரம் தப்பில்ல தம்பி. ஆனா இவன் மூச்சே விடாம வாசிக்கானே, யாருடே இவன்?"

அன்னிக்கே மூச்சு வச்சேன். பிடி முடியுற இடத்துல இடைவெளி, அடுத்த பிடி ஆரம்பிக்கும்போது ஒலி கொஞ்சம் தாமதமா திறக்கிறது. அப்புறம் "ரெண்டாம் காலம் போடு" என்றார். டெம்போ எண்ணை 60லேர்ந்து 120 ஆக்கிக் காட்டினேன். எல்லாமே ரெட்டிப்பு வேகத்துல ஓடுச்சு.

[ஒலித்துண்டு: அந்த ரெட்டிப்பு.]

"காச்ச கண்டவன் மாதிரி நடுங்குதான்" என்றார். பிறகு அவரே பாடிக் காட்டினார். முதல் காலத்துல மூணு அசைவு வந்த இடத்துல ரெண்டாம் காலத்துல ஒரே அசைவு. சில சுரம் அசையவே இல்ல, தட்டிட்டுப் போகுது. மூணு தடவை பாடச் சொல்லிப் பதிவு பண்ணினேன், மூணுலயும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து யோசிச்சா, இது டைமர் எழுதுறவங்களுக்குப் புரியுற விஷயம். சுரத்தோட நீளம் தாளத்துல அளக்கணும். அசைவோட நீளம் வினாடியில அளக்கணும். ரெண்டுக்கும் ஒரே கடிகாரம் கூடாது. தாளம் வேகமானா சுரத்துக்குக் கிடைக்கிற நேரம் குறையும். அதுக்குள்ள எத்தனை அசைவு அடங்கும்னு நிரல் கணக்குப் போடணும், அடங்கலைன்னா எண்ணிக்கையைக் குறைக்கணும், வேகத்தைக் கூட்டக்கூடாது. 40 வரியில கடைசி 6 வரி இதுதான். நான் மேல சொன்ன ஸ்ரீகுமார், வேகம் ரெட்டிப்பாகும்போது கமகத்துக்கு என்ன ஆகுதுங்கிறதுக்குத் தனிக் கட்டுரையே எழுதியிருக்கார்னு பிறகு பார்த்தேன். அண்ணாச்சிக்கு அது ஒரு வாக்கியம்.

கிளம்பும்போது அவர் ஒண்ணு கேட்டார். "இதையும் கோயில்ல பெட்டிக்குள்ள போட்டு வச்சிருவாகளா?"

இந்தக் கேள்விக்கு 'சேச்சே, அப்படியெல்லாம் இல்ல'ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஏன்னா முடியும். நாதஸ்வரத்தோட ஒலியைச் செய்றது கமகத்தை விடச் சுலபம். கூம்புக் குழல், சீவாளியோட இரட்டை நாக்கு, அதனால எல்லா ஸ்வரக்கூறுகளும் வரும். ரம்ப அலையை எடுத்து நாலு ஃபில்டர் போட்டா தூரத்துலேர்ந்து கேட்கிறவருக்கு நாயனம்தான். பதிவு பண்ணின நாயன ஒலித் தொகுப்புகள் ஏற்கெனவே விலைக்குக் கிடைக்குது. அதுல இல்லாதது இந்த அசைவு மட்டும்தான். அந்த மிச்சத்தையும் நான் எழுதிக் கொடுத்தா?

நிறைய யோசிச்சு ஒரு முடிவு பண்ணினேன். சிலருக்கு அசட்டுத்தனமா தெரியலாம். நிரலைப் பொதுவுல வச்சிருக்கேன், ஆனா அதுல நாயன ஒலி கிடையாது. வெறும் ரம்ப அலை, யார் கேட்டாலும் மெஷின்னு தெரியுற ஒலி. அதுக்குப் பதிலா ரெண்டு வசதி சேர்த்தேன். ஒரு பிடியை நாலு மடங்கு மெதுவாக்கலாம், அசைவோட பாதை திரையில கோடா வரும். மேல இருக்கிற பாதையைப் பார்த்துக்கிட்டே நீங்க பாடினா உங்க கோடும் கூடவே வரும். யாராவது அந்த ரம்ப அலையை மாத்தி நாயனம் ஆக்க முடியுமான்னா, தாராளமா முடியும், அரை நாள் வேலை. அதைத் தடுக்கிற பூட்டு என்கிட்ட இல்ல. அண்ணாச்சிகிட்டயும் இதை அப்படியே சொன்னேன். "சரிதான்"னு மட்டும் சொன்னார். இப்ப அவர் பேத்தி அந்தக் கோட்டைப் பார்த்துப் பாடிப் பழகுறா. போன வாரம் போனப்ப, நிரல்ல இருக்கிற தைவதம் சரியில்லைன்னு அவ சொல்றா. சரியில்லதான். தைவதத்துக்கு மெட்டும் இழுப்பும் இன்னும் அமையலை.

தொடங்கணும்னு நினைக்கிறவங்களுக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைங்கன்னா சோனிக் பை எடுங்க. சாம் ஆரன் ராஸ்பெர்ரி பை கணினிக்காகக் குழந்தைகளை மனசுல வச்சு எழுதினது. அதுல சுரத்துக்கு 63.4ன்னு புள்ளி வச்சும் எண் கொடுக்கலாம், ஒரு சுரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு வழுக்கவும் விடலாம். ஜாரு அதுலயே வந்துடும். லேப்டாப் இல்லைன்னா ஸ்ட்ரூடல், பிரவுசர்லயே ஓடும். ஆனா அது தாளத்துக்குத்தான் அருமை, கமகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வயர் மாட்டி விளையாடப் பிடிக்கும்னா பியூர் டேட்டா. பாடத்தை முழுசா முடிச்சுட்டுத்தான் பாட்டுக்கு வருவேன்னு உக்காராதீங்க. உங்களுக்குப் பிடிச்ச பாட்டுல ரெண்டு வினாடி, ஒரே ஒரு சுரம், அது எப்படி அசையுதோ அப்படி வரவைக்கப் பாருங்க. ஒப்பாரியா இருக்கலாம், தாலாட்டா இருக்கலாம், உங்க ஊர் கும்மிப் பாட்டா இருக்கலாம். செஞ்சதை எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடுறேன்.

அடுத்த எபிசோடு தவில். அண்ணாச்சியோட கூட்டாளி ஒருத்தர் வர்றேன்னு சொல்லியிருக்கார், கல்யாண முகூர்த்தம் இல்லாத நாளாப் பார்த்து.